எல்லையுள்ள நீர்

ஏழாம் நாள் காலையில், கவிழ்த்துப் போட்டிருந்த கட்டில்களை நிமிர்த்தினார்கள்.

யெமீமாவின் அப்பா ரப்பி ஸக்கூருக்கான துக்கம் அத்தோடு முடிந்தது. அவருடைய சீடர்கள் இருவர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். யெமீமா சுவரோரம் நின்றாள். ஒரு வாரம் தரையில் உட்கார்ந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"இது எங்க போடட்டும்க்கா?"

"எங்கயாவது போடுங்க."

"ரப்பி ஜன்னலோரமாத்தானே போட்டிருந்தாரு?"

"அப்ப அங்கயே போடுங்க. தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்குறீங்க?"

அவர்களுக்குக் கேட்பதுதான் வேலை. ஒரு வாரமாக வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ரப்பி ஸக்கூர் எந்தக் காலில் முதலில் செருப்பு மாட்டுவார்? ரொட்டியைப் பிட்ட பிறகு ஆசி சொல்வாரா, முன்பா? தூங்கும்போது எந்தப் பக்கம் ஒருக்களிப்பார்? அவள் சொன்னாள். அவர்கள் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, மனதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாக என்ன சொன்னார் என்றும் கேட்டார்கள்.

"தண்ணி கேட்டாரு" என்றாள்.

அது பொய்யில்லை. கையைக் காட்டித்தான் கேட்டார். அதற்கு முன்னால் வாயைத் திறந்து சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ரப்பி ஸக்கூர் ஆளி நார் சிக்கெடுத்துப் பிழைத்தவர். காலையில் ஆணிப் பலகையில் நாரை இழுப்பார். மதியத்துக்கு மேல் போதனைக் கூடத்தில் உட்கார்ந்து சட்டம் சொல்வார். தாடியில் எப்போதும் நார்ச் சிம்பு ஒட்டியிருக்கும். ஏரிக்கரை ஊரான மக்தலாவில் அவரைக் கண்டு யாரும் பயந்ததில்லை. குடலில் ஊசி கிடந்த கோழியைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்கள், அவர் முகத்தைப் பார்த்ததுமே சாப்பிட ஆகும் என்று தெரிந்துகொண்டு பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். பானை தீட்டா, பால் தீட்டா, ஓய்வுநாளில் விளக்கை நகர்த்தலாமா என்று எதைக் கேட்டாலும், ஏழைக்குச் சாதகமாக ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுப்பார்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் இறங்கவில்லை. அது ஏரி.

மூழ்கிப் போனவனின் உடல் கிடைக்கவில்லை என்றால், சட்டம் நீரைப் பார்க்கச் சொல்கிறது. ஒரு கரையில் நின்றால் எல்லாக் கரைகளும் தெரிகிறதா? அப்படியானால் அது எல்லையுள்ள நீர். நீருக்குள் உயிர் போகும் நேரம்வரை காத்திருந்தும் அவன் எங்கும் ஏறவில்லை என்றால், அவன் மனைவி விதவை. கரை தெரியாத நீர் என்றால், கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவன் ஏறிப் பிழைத்திருக்கலாம். அவள் சாகும்வரை கட்டுண்டவள்தான்.

மக்தலா ஏரியில், வெயில் தெளிந்த நாளில் நாலு பக்கமும் தெரியும். வேறு ஊர் ரப்பிகள் வந்து பார்த்துவிட்டு, இதில் என்ன சந்தேகம் என்று கேட்டிருக்கிறார்கள். ஸக்கூர் ஏற்கவில்லை. மூடுபனி இருக்கிறது, நாணல் இருக்கிறது, மலைக்கு அடியில் குகைகள் இருக்கின்றன என்றார். இது எல்லையில்லாத நீர் என்று தீர்த்துவிட்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். இளவயதில் அவர், ஏரியில் புருஷன் போன ஒருத்தியை விதவை என்று தீர்த்து அவிழ்த்துவிட்டிருந்தார். அவள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பையன்களைப் பெற்றாள். ஒரு நாள் அக்கரைச் சூசிதாவிலிருந்து வரும் பாதையில் முதல் புருஷன் காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தான். அக்கரையில் ஒதுங்கியவனைப் பிடித்து அடிமையாக விற்றிருந்தார்கள். சட்டப்படி அவள் இரண்டு புருஷன்களையும் விட்டு நீங்க வேண்டியதாயிற்று. முறைதவறிப் பிறந்தவர்கள் என்று அந்தப் பையன்களுக்கு இஸ்ரயேலில் எவனும் பெண் தர முடியாது என்று ஆயிற்று. ஸக்கூர் நோன்பிருந்து நோன்பிருந்து பல் கறுத்துப் போனார். அதற்குப் பிறகு ஏரியில் மூழ்கிய எவனையும் அவர் சாகவிடவில்லை.

குளிர்காலத்தில் மலையிலிருந்து காற்று இறங்கினால், ஒரு படகாவது போகும். மக்தலாவில் தெருவுக்கு ஒருத்தி கட்டுண்டு கிடந்தாள். அதில் யெமீமாவும் ஒருத்தி.

அவள் புருஷன் ஆகூர். கவிழ்ந்த படகில் இருந்த மற்றவர்களின் உடல்கள் ஒதுங்கின. அவனுடையது மட்டும் வரவில்லை. அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். மற்ற பெண்களுக்குச் சொன்ன அதே சொற்கள், அதே குரல். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். ஆணிப் பலகையில் அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நார் இழுத்தாள். தலை நரைத்தது.

அவர் இறந்த நாள் விடியலில் காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது.

"யெமீமா, ஏரி தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"அக்கரை?"

"தெரியுது."

"வடக்க? தெக்க?"

"எல்லாம் தெரியுது. பேசாதீங்க."

"அப்ப எல்லை இருக்கு." அவர் மூச்சு வாங்கினார். "நான் சொன்னது தப்பும்மா. சட்டம் அப்படி இல்ல. எனக்குப் பயம். என் பயத்தைச் சட்டம்னு சொல்லிட்டேன். யாக்கீமைக் கூப்பிடு. அந்தத் தீர்ப்புலருந்து நான் திரும்பிட்டேன்னு அவன்கிட்ட சொல்லணும். கூப்பிடு, ஓடு."

அவள் ஓடினாள். முற்றத்தில் மூத்த சீடர் யாக்கீமும் மற்றவர்களும் தெற்கே எருசலேமைப் பார்த்துக் கால்களைச் சேர்த்து நின்றிருந்தார்கள். காலை வேண்டுதல் தொடங்கியிருந்தது. அந்த வேண்டுதலை முடிக்காமல் எவனும் திரும்பமாட்டான். பாம்பு காலைச் சுற்றினாலும் நிறுத்தக் கூடாது என்று அப்பாதான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"ரப்பி யாக்கீம்! அப்பா கூப்பிடுறாரு!"

யாரும் திரும்பவில்லை. யாக்கீமின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டார். அவர் முடித்து, மூன்று அடி பின்வாங்கி, குனிந்து எழுந்து உள்ளே வந்தபோது அப்பாவின் நாக்கு விழுந்திருந்தது. அவர் யாக்கீமைப் பார்த்தார். வாய் கோணியது. கையைக் காட்டினார். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

கட்டில் போட்டவர்கள் போன பிறகு, மதியத்தில் ரூமா வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. மீனை உப்பில் போடும் கொட்டிலில் வேலை செய்பவள். போன குளிர்காலத்தில் அவள் புருஷனை ஏரி கொண்டுபோயிற்று. அவளுக்கும் ஸக்கூர்தான் தீர்ப்புச் சொன்னார்.

"உள்ள வா."

"வேணாம்க்கா. என் மேல மீன் வாடை." வாசலிலேயே நின்றாள். "ஆறுதல் சொல்ல வந்தேன்னு நினைக்காதீங்க. நெசமாவே போயிட்டாரான்னு பார்க்க வந்தேன்."

"போயிட்டாரு."

"ஊரே பொணத்தைப் பார்த்துச்சுல்ல? கொடுத்து வச்சவரு. என் வீட்டுக்காரனுக்கு அது இல்ல."

யெமீமா குழந்தைக்கு ஒரு அத்திப்பழம் கொடுத்தாள். குழந்தை அதை வாங்கித் தாயின் கழுத்தில் தேய்த்தது.

"வியாழக்கிழமைச் சந்தை முடிஞ்சதும் நான் அக்கரைக்குப் போறேன்" என்றாள் ரூமா. "சூசிதால ஒரு கிரேக்கன் சத்திரம் வச்சிருக்கான். பொண்டாட்டியா இல்ல. சும்மா வச்சுக்குறேங்குறான். இவளையும் கூட்டிட்டு வரச் சொல்றான்."

"அங்க நம்ம ஆளுங்க யாரும் இல்லையே."

"இங்க இருக்காங்களா?"

"இவ எப்படி வளருவா?"

"பன்னி தின்னுக்கிட்டு வளருவா. உசுரோட வளருவா." ரூமா குழந்தையை இடுப்பு மாற்றினாள். "நீங்க எப்படிக்கா இருந்தீங்க அவரு கூட? வாயக் கட்டிக்கிட்டு, சோறு போட்டுக்கிட்டு?"

"அவருக்குப் பசிச்சுது. போட்டேன்."

"நானா இருந்தா உப்பை அள்ளிக் கொட்டியிருப்பேன்." கொஞ்ச தூரம் போனவள் திரும்பினாள். "கொட்டில்ல ஒருத்தி ஒருத்தியைத் திட்டணும்னா என்ன சொல்வோம் தெரியுமா? ஸக்கூர் உன் வழக்கைக் கேக்கட்டும்னு சொல்வோம். உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

சொல்லியிருந்தார்கள். யெமீமா கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மத்தியா வந்தான். மலைக் கிராமத்துக் குயவன். மனைவி இறந்தவன். ஏரிக்கரை ஊர்களுக்குக் கழுதையில் பானை கொண்டு வருவான். ஸக்கூர் வீட்டில் பானை உடைகிறதோ இல்லையோ, வருவான். அந்த வீட்டில் இருந்த பானைகளில் ஒரு கல்யாணத்துக்கே சமைக்கலாம்.

"ஒரு வாரம் உள்ள வரவே விடல உங்க ஆளுங்க" என்றான். "எட்டி நின்னு பருப்பைக் கொடுத்துட்டுப் போனேன். சாப்பிட்டியா?"

"உப்பு இல்ல அதுல."

"துக்கப் பருப்புல உப்பு எதுக்கு?"

"சமைக்கத் தெரியாதவன் சாக்கு அது."

அவன் சிரித்தான். கழுதைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தான். வெகு காலமாக அவன் கேட்காமல் இருந்ததை அன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். விடியல், ஜன்னல், ஏரி, அப்பா சொன்னது, முற்றத்தில் நின்ற முதுகுகள் எல்லாம் சொன்னாள்.

மத்தியா எழுந்து நின்றான்.

"அப்ப முடிஞ்சுதே! நீ அவிழ்ந்துட்ட!"

"உட்காருங்க."

"ஏன் உட்காரணும்? அவரே சொல்லிட்டாரே!"

"யார்கிட்ட சொன்னாரு? என்கிட்ட. எனக்குச் சாதகமா. நானே போய்ச் சொன்னா எவன் நம்புவான்?"

அவன் யோசித்தான். "நானும் கேட்டேன்னு சொல்றேன். ஜன்னலுக்கு வெளிய நின்னேன், பானை இறக்கிக்கிட்டு."

"விடியக்காலைல?"

"சீக்கிரம் வந்துட்டேன்."

"ஊர்ல பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியும் நீங்க எதுக்கு வர்றீங்கன்னு. அப்பாவே கேட்டிருக்காரு. நம்ம வீட்டுல பானை உடையுறதே இல்லையே, இவன் ஏன் வர்றான்னு."

"நீ என்ன சொன்ன?"

"சீக்கிரம் உடையுற பானையா செய்யச் சொல்றேன்னேன்."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "யாக்கீம்கிட்ட போ" என்றான். "அவரு நல்ல மனுஷன்."

ரப்பி யாக்கீம் போதனைக் கூடத்தில் தனியாக இருந்தார். ஸக்கூரின் இருக்கை காலியாக இருந்தது. ஊர் அவரைத்தான் அதில் உட்காரச் சொல்லியிருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். யெமீமா கதவைத் திறந்தே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

அவர் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

"நீ என் சட்டையப் புடிச்சு இழுத்த."

"ஆமா."

"நீ கத்துனது காதுல ஏறல. ரப்பி போயிட்டாருன்னு நினைச்சேன். போனவருக்கு என்ன அவசரம்னு நின்னுட்டேன்."

"அவரு சொல்லிக் கொடுத்ததுதானே."

"அவருதான் சொல்லிக் கொடுத்தாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ள வந்தப்ப என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை. ஒரு வாரமா அதுதான். பார்த்தது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது."

"நம்புறீங்களா?"

"ஒரு சொல் விடாம நம்புறேன்."

"அப்ப?"

"நம்புறது வேற, ஏத்துக்குறது வேறம்மா. தன் வழக்கு நடக்கும்போது, தனக்குச் சாதகமா ஒருத்தர் பெரியவங்க வாக்கைக் கொண்டு வந்தா, அதுக்குக் காது கொடுக்கக் கூடாது. வழக்கு வர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா சரி. வந்தப்புறம்னா இல்ல. இது உங்கப்பா வச்ச விதி இல்ல. அவருக்கும் முன்னாடியே இருக்கு."

"பொம்பளைங்கிறதாலயா?"

"அட, அது இல்ல. அந்த வீட்டுல நடந்ததுக்கு உன்ன விட்டா யாரு சாட்சி? அவரு ரொட்டி பிட்டதை நீ சொன்னா இவனுங்க கூடம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறானுங்க. நானே கொண்டு வந்தாலும் என் பொண்டாட்டி விஷயம்னா கேக்க மாட்டாங்க."

"எனக்கு வேணாம். ரூமாவுக்கு?"

"ரூமாவுக்குக் கதவு திறந்தா அதே கதவுல நீயும் வெளிய போவ. ஒரு வாக்குதானே? பாதி வாக்கை எப்படி ஏத்துக்குறது?"

"நான் போகலைன்னா?"

யாக்கீம் முழங்காலைத் தேய்த்தார். "அந்தக் குயவன் வந்து போறது ஊருக்கே தெரியும்."

"தெரியட்டும். நான் போகவே முடியாதுன்னு ஆயிட்டா?"

"அதக் கேக்காத யெமீமா."

"கேட்டுட்டேன்."

அவர் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னார். வேறு யாருக்கோ பாடம் சொல்வதுபோல் இருந்தது குரல்.

"சபதம் எடுக்கலாம். எந்த ஆம்பளையும் எனக்குப் புருஷனா ஆகக்கூடாதுன்னு. ஆனா சாதாரண சபதம் போதாது. சபதத்தை எந்த ரப்பியும் அவிழ்த்துவிட்டுடலாம். நாளைக்கே இவ வேற ஊருக்குப் போய் அவிழ்த்துக்குவான்னு சொல்லுவாங்க. ஊர் கூடி நிக்கும்போது, ஊர் மனசுப்படின்னு சொல்லி எடுக்குற சபதம் ஒண்ணு இருக்கு. அது முடிச்சு. என்னால அவிழ்க்க முடியாது. எவனாலயும் முடியாது. அத எடுத்துட்டா உனக்கு இதுல ஒரு லாபமும் இல்ல. அப்ப நீ சாட்சி. உங்கப்பா திரும்பிட்டாருன்னு அன்னைக்கே தீர்ப்பு ஆயிடும். ஏரிக்கரையில அத்தனை பேரும் அவிழ்ந்துடுவாங்க."

"நான்?"

"நீயும்தான். விதவைன்னு பேர் வரும். அவ்வளவுதான்."

"ஆகூருக்குத் துக்கம் உட்காரலாமா?"

"உட்காரலாம். ரொம்ப நாள் ஆயிட்டதால ஒரு நாழிகை போதும்."

"ஒரு நாழிகையா?"

"செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஒரு நாழிகை. சட்டம் அவ்வளவுதான் கேக்குது."

அவள் எழுந்தாள். படியில் கை ஊன்றித்தான் எழ முடிந்தது.

"நான் உன்ன எடுக்கச் சொல்லல" என்றார் யாக்கீம். "எடுக்காம இருந்தா எனக்குச் சந்தோஷம்."

"வியாழக்கிழமை வழக்குக் கேக்குறீங்கல்ல?"

"கேக்குறோம்."

புதன்கிழமை மத்தியா நார் ஊறப்போடும் குட்டையருகே காத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்த பிறகு அவன் குட்டையில் மிதந்த ஒரு தண்டை எடுத்து ஒடித்தான்.

"அப்ப அவரு செத்தும் விடல உன்ன."

"அவரு விட்டுட்டாரு. சட்டம் விடல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் ஊருக்கு வந்துடு. இன்னைக்கே கழுதையில ஏறு. அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"பானை வாங்க வர்றவன் கேப்பான். இது யாரு, ஸக்கூர் பொண்ணு மாதிரி இருக்கேன்னு. அப்புறம் உங்க பானையை எவன் தொடுவான்?"

"தொடாட்டிப் போறான். நானே சமைச்சுச் சாப்பிடுறேன்."

"உப்பில்லாமயா?"

"யெமீமா, விளையாடாத." அவன் குரல் உயர்ந்தது. வண்ணாத்தி ஒருத்தி தலை தூக்கிப் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த ரூமா உனக்கு என்ன வேணும்? உங்கப்பாவைச் சபிக்கிறவ. உன் வாசல்லயே வந்து நின்னு சபிச்சவ."

"எனக்கு அவளப் பிடிக்கக் கூட இல்ல."

"அப்புறம் என்ன?"

அவளுக்கே அது சரியாகத் தெரியவில்லை. யாக்கீமைப் பார்த்து வந்ததிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பேரைக் காப்பாற்றுவதற்கா என்றால், இல்லை. அந்தப் பேர் போதுமான அளவு இருந்தது. சீடர்கள் அவர் செருப்பு மாட்டியதைக்கூடச் சேர்த்து வைத்திருந்தார்கள். கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் அதில் இல்லை.

"அவரு சொன்னது என் வாய்ல இருக்கு" என்றாள். "மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. உங்க வீட்டுக்கு வந்தாலும் அது வாய்ல இருக்கும். உங்களுக்குச் சோறு போடும்போதும் இருக்கும். ஒருத்தருக்கு அப்படிச் சோறு போட்டுட்டேன். போதும்."

"நான் உங்கப்பா இல்ல."

"இல்லதான்."

"இவ்வளவு நாள் நான் ஒரு வார்த்தை கேட்டேனா? கையத் தொட்டேனா? அந்தாளு உசுரோட இருக்கும்போது வாயத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். உன் கண்ணு முன்னாடிதானே இருந்தேன்?"

"இருந்தீங்க."

"அதுக்கு ஒரு கணக்கும் இல்லையா?"

அவள் ஏரி பக்கம் பார்த்தாள். மூடுபனி இறங்கியிருந்தது. அக்கரை தெரியவில்லை.

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள் கடைசியில்.

"பண்ணிட்ட. உன் முகத்துல தெரியுது." அவன் தண்டின் துண்டுகளைக் குட்டையில் எறிந்தான். "பானையும் வாங்கக் கூடாதா?"

"பானை வாங்கலாம். சபதத்துல பானை இல்ல."

"நல்ல சபதம்" என்றான். "நாளைக்கு நான் வரமாட்டேன்." கழுதையை அவிழ்த்துக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை சந்தை கூடியது. சுற்று வட்டாரத்து ஆட்கள் வந்திருந்தார்கள். போதனைக் கூடத்தில் மூன்று பேர் வழக்குக் கேட்டார்கள். நடுவில் யாக்கீம். ஸக்கூரின் இருக்கையைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். முதலில் ஒரு மாட்டு வழக்கு. பிறகு அத்திமரக் கிளை ஒன்று பக்கத்து வீட்டுக்குள் போன வழக்கு. யெமீமா பின்னால் பெண்களோடு நின்றாள். ரூமாவும் வந்திருந்தாள். முதுகில் மூட்டை, தோளில் தூங்கும் குழந்தை.

"நீ எதுக்கு வந்த?" யெமீமா கேட்டாள்.

"படகுக்காரன் வழக்கு முடிஞ்சாத்தான் வருவான். அத்திமரம் அவனோடது." ரூமா வாயைக் கோணினாள். "இங்க நிக்கவே ஒப்பல எனக்கு."

அத்திமரம் முடிந்தது. யாக்கீம் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். வேறு யாராவது வருவார்களா என்று காத்திருந்ததுபோல் இருந்தது. யாரும் வரவில்லை.

அவள் முன்னால் போய்ச் சொன்னாள். விடியல், ஜன்னல், அப்பா கேட்டது, சொன்னது. எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். கூடத்தில் சத்தம் அடங்கியது. பிறகு பின்னாலிருந்து பெண்களின் குரல் எழுந்தது. யாரோ அழ ஆரம்பித்து, மற்றவர்கள் அடக்கினார்கள்.

யாக்கீமுக்கு வலப்பக்கம் இருந்த கிழவர் செபுல் கையை உயர்த்தினார்.

"ரப்பி ஸக்கூர் மேல எனக்குள்ள மரியாதை எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்தம்மாவும் கட்டுண்டவங்கதானே? இவங்களுக்கு இதுல லாபம் இருக்கு. இதை எப்படிக் கேக்குறது?"

"இருக்கு" என்றாள் யெமீமா. "இல்லாம ஆக்கிடுறேன்."

"எப்படி?"

"ரப்பி யாக்கீம் சொல்லுவாரு."

யாக்கீம் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் மற்ற இருவரும் எழுந்தார்கள். கூடம் முழுக்க எழுந்தது. ஊர் மனதின்படி எடுக்கும் சபதத்துக்கு ஊர் நிற்க வேண்டும்.

"ஒரு தடவ எடுத்தா அவ்வளவுதான்" என்றார். "தெரியும்ல?"

"தெரியும்."

"யாரும் உன்ன வற்புறுத்தலையே?"

"இல்ல."

"சொல்றதத் திருப்பிச் சொல்லு. இங்க நிக்கிற ஊர் மனசுப்படி."

"இங்க நிக்கிற ஊர் மனசுப்படி."

"அவிழ்க்க வழியில்லாம."

"அவிழ்க்க வழியில்லாம."

யெமீமாவின் காலுக்குப் பக்கத்தில் எதுவோ தட்டியது. ரூமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து மூட்டையைக் கீழே போட்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாத முகம். குழந்தை விழித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தது.

"எந்த ஆணும்" என்றார் யாக்கீம்.

அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் தூணுக்குப் பக்கத்தில் அவனைப் பார்த்தாள். வரமாட்டேன் என்றவன். காலில் செம்மண், கையில் கழுதைக் கயிறு. எல்லோரையும்போல அவனும் நின்றுகொண்டிருந்தான். அவன் நிற்கும்வரை அவனும் ஊரில் ஒருவன். அவன் மனதும் இந்த முடிச்சில் சேரும்.

யாக்கீம் காத்திருந்தார். கிழவர் செபுல் இருமினார்.

"எந்த ஆணும்" என்று யாக்கீம் மறுபடியும் மெதுவாகச் சொன்னார்.

யெமீமா அவரைப் பார்க்கவில்லை.

"மத்தியா, நீங்க கொஞ்சம் வெளிய போய் நிக்கிறீங்களா?"